தண்ணீரில் முங்கியும் கரையாத காகிதம்

வண்ணம் தீட்டி முடித்த தாளைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி ஊறவிடுகிறார்கள். மேலே அப்பியிருந்த பசை மெல்ல இளகிப் பிரிகிறது. அதுவரை மறைந்திருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடுகளாகத் தெளிய, பூவும் கொடியும் துலங்குகின்றன. சாயம் கலங்குவதில்லை, தாளும் கிழிவதில்லை. ஜப்பானில் ‘கடாசோமே’ எனப்படும் இந்த ஸ்டென்சில் சாயமுறை, பல நூற்றாண்டுகளாகத் துணிக்கு உரியதாக இருந்தது. காகிதமும் அதற்கு ஈடுகொடுக்கிறது என்பதுதான் வியப்பு.

நீங்கள் படிக்கும் நாளிதழைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் கூழாகிவிடும். காகிதத்தில் செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று பிடித்திருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால். இடையில் நீர் புகுந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மரக்கூழ் இழையின் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். பிடி விட்டபின் அதற்கு வேறு ஆதாரம் இல்லை. ஜப்பானியக் கைக்காகிதமான வாஷிக்குப் பெரும்பாலும் ‘கோசோ’ செடியின் உள்பட்டை நார் பயன்படுகிறது. கோசோ நம் முசுக்கட்டையின் குடும்பம். அதன் இழை சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். நனைந்து பிணைப்புகள் தளர்ந்தாலும், நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தாள் உருக்குலையாமல் நிற்கிறது.

ஆனால் நீளமான இழைக்கு ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் அது சுருண்டு திரளும். அதைத் தடுப்பது ‘தொரோரோ அஓய்’ என்ற செடியின் வேரிலிருந்து எடுக்கும் கொழகொழப்பான சாறு. அந்தச் செடி நம் வெண்டையின் பேரினத்தைச் சேர்ந்தது. வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டும் அதே வழுவழுப்புதான் அதன் வேரிலும். பலரும் நினைப்பதுபோல் இது இழைகளை ஒட்டும் பசை அன்று. நீரைக் கெட்டியாக்கி, இழைகளைத் தனித்தனியே மிதக்கவிட்டு, சல்லடை வழியே நீர் வடிவதைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை. அந்த அவகாசத்தில் கைவினைஞர் சல்லடையை முன்னும் பின்னும் ஆட்டி, படலத்தின்மேல் படலமாக இழைகளைப் படியவைக்கிறார். ஈரத் தாள்களை இடையில் துணி எதுவும் வைக்காமல் அப்படியே அடுக்கி அழுத்தினாலும், பிறகு ஒவ்வொன்றாக உரித்தெடுக்கலாம். சூடு பட்டால் சாறு நீர்த்துவிடும் என்பதால் கடுங்குளிரே காகிதம் வார்க்கும் பருவம்.

சாயமிடும் ஸ்டென்சிலும் காகிதம்தான். மியெ மாகாணத்தின் சுசுகா நகரிலுள்ள ஷிரோகோ, ஜிகே பகுதிகள் இதற்குப் பேர்போனவை. கோசோ தாள்களை இழையோட்டம் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி அடுக்கி, பெர்சிமன் காயின் புளித்த சாற்றால் ஒட்டிப் புகையில் பதப்படுத்துகிறார்கள். சாற்றிலுள்ள டானின் இறுகித் தாளை நீர்புகாததாக்குகிறது. வெட்டிய வடிவம் நழுவாமலிருக்க முன்பு இரண்டு தாள்களுக்கிடையே பட்டு நூல்களை வைத்து ஒட்டினார்கள். பின்னர் மெல்லிய பட்டு வலை வந்தது. இந்த ஸ்டென்சில்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள வடிவமைப்பாளர்களையும் ஈர்த்தன.

வேதியியல் உண்மையில் சுவைகூடுவது இதற்குப் பிறகுதான். ஸ்டென்சில் வழியே தாளில் தடவும் பசை, பசையரிசி மாவும் தவிடும் உப்பும் கலந்து வேகவைத்தது. பசையரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுதும் அமைலோபெக்டின் என்பதால் நன்றாக ஒட்டும். தவிடு அந்த ஒட்டலைச் சற்றுத் தணித்து, கழுவும்போது எளிதாகப் பிரியவைக்கும். காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துவைப்பதால் பசை வெடிப்பதில்லை. அது காய்ந்ததும் தூரிகையால் வண்ணம் ஏற்றுகிறார்கள். காவி, புகைக்கரி போன்ற நிறமிகள் தாமாகத் தாளில் ஒட்டா. அவற்றைக் குழைப்பது சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்து வடித்த பாலில். உலர உலர அந்தப் புரதம் திரிந்து, மறுபடி நீரில் கரையாத நிலையை அடைந்து, நிறமியை இழைகளோடு பிணைத்துவிடுகிறது. பிறகு தண்ணீரில் போட்டால் மாவுச்சத்து போய்விடும், புரதம் தங்கிவிடும். நீரில் இளகும் ஒன்றையும் இளகாத ஒன்றையும் அருகருகே வைத்து ஓவியம் வரைந்திருக்கிறார்கள்! மூலக்கூறு என்ற கருத்தே பிறக்காத காலத்தில், கைப்பழக்கத்தில் கண்டடைந்த நுட்பம் இது.

தாளுக்கு இன்னும் வலு வேண்டுமென்றால் கொன்யாக்கு கிழங்கின் பசையைப் பூசுவார்கள். சேனைக்கிழங்கின் பேரினம் அது. அதிலுள்ள குளுக்கோமன்னான் காரம் பட்டதும் மீண்டும் கரையாத வலையாக இறுகும். அப்படிப் பதப்படுத்திய தாளைக் கசக்கி மென்மையாக்கினால் தோல்போல் மடங்கும், ஆடைகூடத் தைக்கலாம். இந்த வலிமை போருக்கும் பயன்பட்டது. 1944-45-இல் கொன்யாக்கு பசையால் ஒட்டிய வாஷி பலூன்களில் குண்டுகளைக் கட்டி, பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவை நோக்கி ஜப்பானிய ராணுவம் பறக்கவிட்டது. ஆரெகன் மாநிலத்தில் ஒரு பெண்ணும் ஐந்து சிறாரும் அதற்குப் பலியானார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிற செய்தி.

அதே போரில், 1945-இன் வான்தாக்குதலில், சாயக்கலைஞர் செரிசாவா கெய்சுகெ தோக்கியோவில் தம் வீட்டை இழந்தார். ஒகினாவாவின் ‘பிங்காதா’ சாயத்துணிகளில் மனம் பறிகொடுத்துத் தம் பாணியை உருவாக்கியவர் அவர். போர் முடிந்தபோது துணிக்குக் கடும் பஞ்சம். அவர் காகிதத்தை எடுத்தார். 1946 தொடங்கி வாழ்நாளின் இறுதிவரை ஆண்டுதோறும் ஸ்டென்சில் சாய நாட்காட்டிகளை வெளியிட்டார். 1956-இல் ஜப்பான் அரசு அவரை ‘வாழும் தேசியப் பொக்கிஷ’மாக அறிவித்தது. அவர் காட்டிய வழியில் தோயாமா மாகாணத்தின் யட்சுவோவில் சாயக் காகிதத் தொழில் வேர்பிடித்தது. ஒருகாலத்தில் ஊர்ஊராகப் போன மருந்து வியாபாரிகளுக்கு மருந்துப் பொட்டலத் தாள் வார்த்த ஊர் அது. இன்று அங்கே அட்டைப்பை, பெட்டி, புத்தக உறை, ஏன், உட்காரும் மெத்தைகூடச் சாயமிட்ட வாஷியில் செய்கிறார்கள்.

கடைகளில் இதன் சாயலில் திரையச்சுத் தாள்களும் மலிந்திருக்கின்றன. அவை அழகில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடாசோமே தாளின் கோட்டோரத்தில் தெரியும் மெல்லிய நெளிவும், நிறம் இழைக்குள் இறங்கிய அந்த ஆழமும் அவற்றில் வருவதில்லை.

2014-இல் ஹோன்மினோ, செகிஷு, ஹொசொகாவா ஆகிய மூன்று மரபுகளின் காகிதக்கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தொரோரோ அஓய் பயிரிடும் விவசாயிகள் குறைந்துவருகிறார்கள். மொட்டுகளைக் கையால் கிள்ளி வேரைப் பருக்கவைக்கும் கடும் உழைப்புக்கு இளைய தலைமுறை வருவதில்லை. செயற்கைப் பாலிமர்களை நாடும் பட்டறைகளும் உண்டு. ஆனால் அந்த மூன்று மரபுகளின் விதிமுறை தொரோரோ அஓய் சாற்றையே கேட்கிறது. காகிதம் வார்ப்பவருக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது அந்த வேரைத் தோண்டுபவருக்குக் கிடைக்க வேண்டும்.