விக்டோரியா காலச் சிங்கையில் தமிழ் அச்சகம்

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் தோற்றத்தை ஆராயுங்கால் புலவர் பெயர்களே முதற்கண் நினைவுக்கு வருகின்றன. அப்புலவர்தம் பாடல்களை எழுத்தெழுத்தாகக் கோத்துத் தாளிற் பதித்துத் தந்த அச்சகங்களையும் அவ்வரலாற்றிற் சேர்த்தெண்ணுதல் வேண்டும். அச்சுத் தொழில் இங்கு வேரூன்றிய பின்னரே தமிழ் எழுத்தும் நிலைபெற்றது.

1872ஆம் ஆண்டில் நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் 'முன்னாஜாத்துத் திரட்டு' இந்நகரில் அச்சேறியது. அதனை அச்சிட்டது அரசாங்க அச்சாளரான ஜே. பேட்டனின் அச்சுக்கூடம். பதினைந்து ஆண்டுகளில் நிலை மாறியது. விக்டோரியா பேரரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி 1887 ஜூன் 27ஆம் நாள் 'சிங்கை நேசன்' வார இதழ் தொடங்கப்பெற்றது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயிபு, அச்சிட்டது தீனோதய வேந்திரசாலை. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகரந்தாதி'யும் அதே ஆண்டில் அங்கேயே அச்சாயிற்று. இசுலாமியத் தமிழர் ஆசிரியராயிருந்த இதழும் சைவப் புலவரின் அந்தாதியும் ஓர் அச்சகத்தினின்று வெளிவந்தமை அக்காலத் தமிழ்ச் சமூகத்தின் இயல்பினைக் காட்டுகிறது.

அன்று தமிழ் அச்சகம் நடத்துதல் எளிதன்று. ஆங்கிலத்திற்குப் பெரியனவும் சிறியனவுமாக 52 எழுத்துகள் போதும். தமிழிலோ உகர ஊகார உயிர்மெய்களுக்கு மட்டுமே 36 தனி அச்சுகள் வேண்டும். ணா, றா, லை, ளை முதலியவற்றிற்கும் அக்காலத்தில் தனி வடிவங்கள் இருந்தன. ஈய எழுத்துகள் அளவாகவே உள்ள சிறிய அச்சகத்தில், பதித்து முடித்த பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளை அவற்றின் அறைகளில் மீண்டும் இட்டாலன்றி அடுத்த பக்கத்தைக் கோக்க இயலாது. எப்போதோ வரும் செய்யுள் நூலொன்று இத்தொழிலைத் தாங்காது; வாரந்தோறும் வேலை தரும் இதழே அச்சுக்கோப்பவரின் கைக்கு ஓய்வின்றி வைத்திருக்கும். சிங்கை நேசன் 1890 வரை அவ்வாறு வெளிவந்தது.

இவை இன்று நமக்குக் கிடைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1886ஆம் ஆண்டின் நூற்பதிவுச் சட்டம், நீரிணைக் குடியேற்றங்களில் அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைக்கச் செய்தது. நூல்களுக்கு அக்காவல் வாய்த்தது. ஆனால் எந்த அச்சகத்துக்கும் அன்றாடச் சோறிடுவன பற்றுச்சீட்டும் கணக்கேடும் மணவோலையும் கோயில் அறிவிப்புமே. பயன் முடிந்ததும் எறியப்படும் அவற்றைக் காக்கும் கடமை எவர்க்கும் விதிக்கப்படவில்லை.

சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத்தெருக்களிலும் வாழ்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் அத்தகைய தாள்கள் இன்னும் இருத்தல் கூடும். எந்நாளில், எவருக்காக, எந்த அச்சகத்தில் அச்சானது என்னும் செய்தி அவற்றின் அடிவரியில் சிறிய எழுத்தில் காணப்படலாம். அவ்வரியைப் படிக்காமல் எந்தப் பழைய தாளையும் கழித்துவிடலாகாது. புலவர் வரலாறு நூல்களில் உள்ளது; அச்சுத் தொழிலாளர் வரலாறு அத்தாள்களில்தான் எஞ்சியுள்ளது.