தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினால் காசு மிச்சமாகுமா?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் ஒரு பிரிவினர் கடையில் தோட்டா வாங்குவதில்லை. சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, வீட்டு கராஜில் உட்கார்ந்து தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டால், முதலில் வரும் பதில் "காசு மிச்சம்" என்பதுதான். உண்மையிலேயே மிச்சமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, பாய்ந்து போகும் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும்தான். மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

வெடிமருந்தை கிரெயின் என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு சுமார் நாலரை கிரெயின் போதும். ஒரு பவுண்டில் 1500 தோட்டாவுக்கு மேல் வரும். .308 ரைஃபிள் தோட்டாவோ 44 கிரெயின் வரை கேட்கும்; அதே பவுண்டில் 160கூடத் தேறாது.

இப்போது விலை. கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தோராய விலைகள். கடைக்குக் கடை மாறும்.

9 எம்எம்: பிரைமர் 7 செண்ட், மருந்து 3, குண்டு 10. கூடு இலவசம், சுடும் திடலிலேயே பொறுக்கிக்கொள்ளலாம். மொத்தம் 20 செண்ட். கடைத் தோட்டா 25 செண்ட் என்றால் மிச்சம் 5 செண்ட்.

போட்டித் தரமான .308: பிரைமர் 8, மருந்து 28, குண்டு 45. ஒரு டாலர் கூட்டைப் பத்து முறை பயன்படுத்தினால் அதற்கு 10. மொத்தம் 91 செண்ட். கடையில் 1.80 டாலர் என்றால் மிச்சம் கிட்டத்தட்ட 90 செண்ட்.

பிரஸ், டை, தராசு எல்லாம் சேர்த்து 400 டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்த முதலைத் திரும்ப எடுக்க .308-இல் 450 தோட்டா போதும். 9 எம்எம்மில் 8000 தோட்டா நிரப்ப வேண்டும்!

நம் நேரத்துக்கும் விலை உண்டல்லவா? சாதாரண பிரஸ்ஸில் மணிக்கு 80 தோட்டா என்றால், 9 எம்எம்மில் கிடைப்பது மணிக்கு 4 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே 7.25 டாலர். .308-ஐப் பார்த்துப் பார்த்து மணிக்கு 30 மட்டும் செய்தாலும் 27 டாலர் நிற்கிறது.

கணக்கில் ஏறாத செலவு ஒன்றும் இருக்கிறது. 9 எம்எம் கூட்டில் சில வகை மருந்தை இரண்டு பங்கு கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. அந்த ஒரு கவனக்குறைவில் துப்பாக்கியே வெடிக்கலாம், விரலும் போகலாம். ஐந்து செண்ட் மிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

"தட்டுப்பாடு வந்தால் கை கொடுக்குமே" என்பார்கள். 2020-21இல் தோட்டா விலை எகிறியபோது பிரைமரும் சேர்ந்தே காணாமல் போனது. பிரைமர் செய்யும் பெரிய கம்பெனிகள்தான் தோட்டாவும் செய்கின்றன. முன்பே வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

கடைசியாக ஒன்று. 1865இல் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் நிலக்கரி பற்றி ஒன்று கவனித்தார்: குறைந்த கரியில் ஓடும் எந்திரம் வந்தபின் கரிச் செலவு குறையவில்லை, கூடியது. இங்கும் அதே கதைதான். தோட்டா மலிவாகிவிட்டதென்று மாதம் 100 சுட்டவர் 250 சுடுவார். ஒன்றின் விலை பாதியானாலும் மாதச் செலவு ஏறத்தான் செய்யும்.

ஆக, ரைஃபிளில் குறிபார்த்துச் சுடுபவருக்கு ரீலோடிங் லாபம்தான். 9 எம்எம்மில் காசை மட்டும் பார்ப்பவர் கடையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. கராஜில் உட்கார்ந்து செய்யும் அந்த வேலையே பிடித்திருக்கிறது என்றால் செய்யலாம், தப்பில்லை. அப்போது அதைச் சிக்கனம் என்று சொல்லாமல் பொழுதுபோக்குச் செலவில் எழுதிவிட வேண்டும்.