லோரியில் வந்த குதிரைக்கு மூன்று வாரம் கொடுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஜொகூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ லோரியில் ஒரு குதிரை வந்து இறங்குகிறது. ஞாயிறு காலை அது கிள்ளானில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், உறுமி மேளத்துக்கு நடுவே, மாப்பிள்ளையைச் சுமந்து நிற்கிறது. செவ்வாய்க்கிழமை தீனியைத் தொடவில்லை, தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ‘இடம் பிடிக்கவில்லை, போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார்கள்; திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள். மூக்கில் சளி ஒழுகி மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் குதிரை வாங்குகிறவர்களிடம் அலுக்காமல் நடக்கும் கதை இது. சிங்கப்பூரின் கிராஞ்சி திடல் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்துவிட்டது. சுங்கை பீசியில் சிலாங்கூர் டர்ஃப் கிளப் இருக்கிறது. இப்படிப்பட்ட திடல்களில் பந்தயத்துக்கு உதவாது என்று கழிக்கப்படும் குதிரைகள் சவாரிப் பள்ளிக்கும், ஊர்வலக்காரருக்கும், பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கும் குடும்பத்துக்கும் கைமாறுவது புதிதல்ல. விலையைப் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, இறங்கிய குதிரையை முதல் மூன்று வாரம் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

‘ஐந்து மணி நேரப் பயணம்தானே? பந்தயக் குதிரைக்கு லோரி என்ன புதிதா?’ என்று கேட்பார்கள். ஐந்து மணி என்பது லோரி ஓடிய நேரம். உச்சி வெயிலில் ஏற்றியது, நெடுஞ்சாலை நெரிசலில் காற்றோட்டமின்றி நின்றது, இறக்குவதற்கு ஆள் வரும்வரை காத்திருந்தது எல்லாம் சேர்ந்ததுதான் குதிரைக்குப் பயணம். ஓடும் வண்டியில் அது ஓய்வாக நிற்பதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கிலும் நான்கு காலாலும் உடலைத் தாங்கிக்கொண்டே வருகிறது. அதைவிட ஆபத்து, தலையை உயர்த்திக் கட்டுவது. தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கிருமியும் வெளியே வரும். பல மணி நேரம் தாழ்த்த விடாவிட்டால் அவை நுரையீரலுக்கு இறங்குகின்றன. பயண நிமோனியா இப்படித்தான் வருகிறது. பெரும்பாலும் அது இறங்கிய அன்றே தெரிவதில்லை. ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஆகவே ‘வந்த அன்று நன்றாகத்தானே இருந்தது’ என்ற வாதத்துக்குப் பொருளே இல்லை. பந்தயக் குதிரைக்குப் பயணம் பழக்கம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பயணங்களில் கூடவே சைஸ் எனப்படும் பராமரிப்பாளர் இருந்தார், மருத்துவர் இருந்தார், போய்ச் சேரும் இடத்தில் அதே தீவனம் காத்திருந்தது.

நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தேவையான கருவி, மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண தெர்மோமீட்டர்தான். பின்முனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை வாலில் கிளிப்பால் மாட்டி, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். முதல் வாரம் முழுக்கக் காலை மாலை இரு வேளையும் பார்த்து, லாயத்துச் சுவரில் தொங்கும் தாளில் எழுதுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஏறக்குறைய 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. வெயில் தணிந்த நேரத்திலும் 38.5-க்கு மேல் நின்றால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்; நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இறக்கியதும் முதலில் தண்ணீர். வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், நம் வெக்கையில் அதன் இரு மடங்கும் குடிக்கும். புது ஊர்க் குழாய்த் தண்ணீரின் மணம் பிடிக்காமல் சில குதிரைகள் வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். எத்தனை வாளி காலியானது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அடுத்து உலர்புல், தரையில் போட்டு. குனிந்து தின்றால் சளியும் இறங்கும். களைத்து வந்ததே என்று நம்மவர்கள் பாசத்தோடு ஊறவைத்த கொள்ளையும் தானியத்தையும் வாளி நிறைய வைக்கிறார்கள். தண்ணீர் வற்றிய குடலில் பழகாத தானியம் விழுந்தால் வயிற்றுவலி வரும், குளம்பு அழற்சியும் வரலாம். இரண்டுமே குதிரையைக் கொல்லக்கூடியவை. விற்றவரிடம் பழைய தீவனத்தில் இரண்டு மூட்டை கேட்டு வாங்கி, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு மாற்றுங்கள். லத்தி விழவில்லை, குதிரை திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, தரையைப் பிறாண்டிப் புரள்கிறது என்றால் கைவைத்தியம் வேண்டாம். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை குதிரைகளுக்கும் சிகிச்சை தருகிறது. அதன் எண்ணை லோரி வருவதற்கு முன்பே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

ஏற்கெனவே குதிரைகள் உள்ள இடமானால் புதியதை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள்: மற்றவை கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூக்கு தொடக் கூடாது. வாளி, பிரஷ், கடிவாளம் எல்லாம் தனி. புதிய குதிரையைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும். இது மிகை என்பவர்களுக்கு 2020-ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு தாய்லாந்தின் நாக்கோன் ராட்சசிமாவில் தலையெடுத்த ஆப்பிரிக்கக் குதிரை நோயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. செப்டம்பரில் நம் திரங்கானுவிலும் அது கண்டறியப்பட்டது. அந்திக்குப் பிறகு கடிக்கும் சிறு பூச்சிகளே அதைப் பரப்புகின்றன. லாயத்துக்கு மின்விசிறியும் வலையும் போடுவதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வரும் குதிரைகளுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்குச் சில மாதங்களில் வியர்ப்பதே நின்றுபோகும். மதிய வெயிலில் மேல் மூச்சு வாங்குகிறது, தோலோ காய்ந்து கிடக்கிறது என்றால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவருக்குச் சொல்லுங்கள். மூன்று வாரம் முடியும் முன் சேணம் வேண்டாம், உறுமி வேண்டாம், பட்டாசு வேண்டாம். முன்பணம் வாங்கியாயிற்று என்பதெல்லாம் குதிரையின் நுரையீரலுக்குத் தெரியாது.

இனி காகிதங்கள். எல்லை தாண்டி வரும் குதிரைக்கு இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் கால்நடை மருத்துவச் சான்றிதழும் வேண்டும். உள்நாட்டில் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவருவதானால், புறப்படும் மாவட்டத்தின் கால்நடைச் சேவை அலுவலகத்தில் நகர்வு அனுமதி கேளுங்கள். லோரிக்காரர் ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் நகலைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் ஏற்றாதீர்கள். வந்து சேரும் இடம் கிள்ளான் என்றால் கிள்ளான் மாவட்டக் கால்நடை அலுவலகமும் கிள்ளான் அரச மாநகர் மன்றமும், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்றால் கூட்டரசுப் பிரதேசக் கால்நடைத் துறையும் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டி.பி.கே.எல்.லும் பொறுப்பு. குதிரையை அங்கே வைத்துக்கொள்ளலாமா, அதை வைத்துத் தொழில் நடத்த உரிமம் வேண்டுமா என்று இரு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்டால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். ஒரு வாரம் போய்விடும், பொறுப்பு யாருக்கும் இருக்காது. கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த அலுவலகத்தின் இணையப் புகார் முறையில் அதே பிரதியை ஏற்றுங்கள். சட்டம் பல்லில்லாதது என்று நினைக்கவும் வேண்டாம். தேவையில்லாத வேதனை தரும்படி விலங்கை ஏற்றிச் செல்வதையும் கொடுமை என்றே 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் கணக்கிடுகிறது. அபராதம் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

விற்றவர் நோயை மறைத்துத் தலையில் கட்டிவிட்டால் என்ன செய்வது? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள்’ என்பதில் விலங்கும் அடங்கும். இது பலருக்கும் தெரியாததால் அழுதுவிட்டு இருந்துவிடுகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்காக வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வெறும் கையோடு போனால் பலன் இல்லை. மைக்ரோசிப் எண், விலை, தேதி, தடுப்பூசி விவரம், தெரிந்த காயங்கள் எல்லாம் எழுதி விற்றவர் கையெழுத்திட்ட ரசீதும், இறக்கும்போது தேதியோடு எடுத்த படங்களும், மருத்துவர் அறிக்கையும், சுவரில் தொங்கிய அந்தக் காய்ச்சல் தாளும் வேண்டும். தனியாள் தன் சொந்தக் குதிரையைத் தனியாளுக்கு விற்றது இந்த மன்றத்தின் வரம்புக்குள் வராது. அதனால் பணத்தை நீட்டும் முன் விற்பவரின் வணிகப் பதிவு எண்ணைக் கேட்டு, மலேசிய நிறுவன ஆணையத்தின் (எஸ்.எஸ்.எம்.) தளத்தில் சரிபார்த்து, அந்த எண் ரசீதில் இருக்கும்படி எழுதி வாங்குங்கள்.