லினக்ஸை அழித்தேன், விண்டோஸும் போனது!

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸ் 7, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தன. ஆலங்குடி பக்கம் வசிக்கும் என் அக்கா மகனுக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. "மாமா, லினக்ஸை நான் தொடுறதே இல்ல. அதை எடுத்துட்டு இடத்தை டி டிரைவோட சேர்த்து விடுங்க" என்றான்.

இதென்ன பெரிய வேலை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸுக்கென்று பிரித்து வைத்திருந்த பார்ட்டிஷனை டெலீட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றது. விண்டோஸும் வரவில்லை!

அக்காவின் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் திருப்பிச் செய்ய முடியுமா? அந்தக் கணக்கு முழுவதும் லேப்டாப்பில்தான் இருந்தது. நோட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் உள்ள சிறு புரோகிராம் இயங்கும். இந்த லேப்டாப்பில் அங்கே இருந்தது லினக்ஸின் கிரப். எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் அதன் மெனுவும் மற்ற பைல்களும் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தன. அதைத்தான் அழித்துவிட்டேன். வீடு அப்படியே இருக்க, சாவி கிணற்றில் விழுந்த கதை.

பென் டிரைவில் லைவ் லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தேன். விண்டோஸ் டிரைவ்கள் தெரிந்தன. மொய்க் கணக்கும் இருந்தது! முதலில் அதை இன்னொரு பென் டிரைவில் காப்பி செய்து அக்கா கையில் கொடுத்தேன். பிறகு காலியான இடத்திலேயே லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இங்கேதான் கவனம் வேண்டும். முழு டிஸ்க்கையும் எடுத்துக் கொள்ளவா என்று கேட்கும்போது அவசரத்தில் ஓகே கொடுத்தால் எல்லாம் போய்விடும். காலி இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். கிரப், விண்டோஸைத் தானே கண்டுபிடித்து மெனுவில் சேர்த்துக் கொண்டது.

லினக்ஸை நீக்கத்தான் வேண்டுமென்றால், விண்டோஸ் 7 டிஸ்க்கில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் கட்டளையை 'பிக்ஸ்எம்பிஆர்' என்ற ஸ்விட்சுடன் முதலில் கொடுத்திருக்க வேண்டும். பார்ட்டிஷனை அழிப்பது அதன் பிறகே.

புதிதாக வாங்கிய யுஇஎப்ஐ கம்ப்யூட்டர்களில் இந்த 512 பைட் தொல்லை இல்லை. ஒவ்வொரு சிஸ்டத்தின் பூட் பைலும் அதற்கான தனிப் பார்ட்டிஷனில் இருப்பதால், பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

அக்கா அந்தப் பென் டிரைவை பீரோவில் நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். டி டிரைவ் பற்றி மருமகன் பிறகு கேட்கவே இல்லை.