400 கிலோ மூஸ், 10 கிராம் குண்டு: சரியான துப்பாக்கியை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. வடக்கு சுவீடனின் சின்னச் சின்ன ஊர்களில் அன்று பலர் வேலைக்கு வரமாட்டார்கள். லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே காட்டுக்குள் போய், ஆளுக்கொரு இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அன்றுதான் மூஸ் வேட்டை சீசன் ஆரம்பம். தெற்கு சுவீடனில் இதே காட்சி அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை.

அந்த நாட்டில் சுமார் 3 லட்சம் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர், நர்ஸ், ஐடி ஊழியர் என எல்லாத் தரப்பும் உண்டு. புதிதாக உரிமம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

பைக் வாங்கும்போது 'சிசி எவ்ளோ?' என்று கேட்கிற மாதிரி, 'எவ்ளோ பெருசு, எவ்ளோ பவர்?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆனால் மூஸ் விஷயத்தில் அந்தக் கேள்வி ஆளைத் தப்பான கடைக்குக் கூட்டிப் போய்விடும்.

முதலில், மூஸ் என்றால் என்ன?

மான் குடும்பத்திலேயே பெரியது. சுவீடனில் வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அலாஸ்காவில் 600 கிலோவைக்கூடத் தாண்டும். பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பிய ஆங்கிலத்தில் இதே விலங்கின் பெயர் 'எல்க்'. அமெரிக்காவில் 'எல்க்' என்றால் அது வேறொரு மான்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் நமக்குப் பழக்கம். சுவீடனில் கதை வேறு. அங்கே மூஸ் எண்ணிக்கை அதிகமானால் இளம் பைன் மரங்களை மேய்ந்து தீர்த்துவிடும், ரோட்டில் கார்மீது மோதும். கால்கள் நீளம் என்பதால் மோதும்போது அதன் உடல் நேராக முன்பக்கக் கண்ணாடிக்கே வந்துவிடும். அதனால் எத்தனை சுடலாம் என்று அரசு நிர்வாகமே கணக்குப் போட்டு அனுமதி தருகிறது. உச்சமாக 1982-ல் சுமார் 1,74,000 மூஸ்கள் சுடப்பட்டன. இப்போது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. இறைச்சி வீட்டு ஃப்ரீசருக்குப் போகும், குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு.

எண்களைப் படிப்பது எப்படி?

தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் பற்றவைக்கும் பகுதி, நுனியில் குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும்.

6.5×55 என்றால் குண்டின் விட்டம் சுமார் 6.5 மி.மீ., கூட்டின் நீளம் 55 மி.மீ. 1890-களில் சுவீடனும் நார்வேயும் ராணுவத்துக்காகச் சேர்ந்து உருவாக்கிய தோட்டா இது. .30-06 என்பதை 'தர்ட்டி ஆட் சிக்ஸ்' என்று படிக்க வேண்டும். 0.30 அங்குலம், 1906-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 9.3×62 ஜெர்மனியில் 1905 வாக்கில் ஓட்டோ போக் வடிவமைத்தது. ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளுக்காகச் செய்தது, இன்று சுவீடன் காடுகளில் மூஸுக்கும் பயன்படுகிறது. நூறு வயதைத் தாண்டிய இந்த மூன்றும் இன்றும் கடைகளில் ஓடுகின்றன. மொபைல் மாதிரி வருஷா வருஷம் புதுசு வாங்க வேண்டிய சாமான் இல்லை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுவீடனில் மூஸுக்கு 'வகுப்பு 1' தோட்டா கட்டாயம். அதற்குள் நுழைய இரண்டு வழிகள். குண்டின் எடை குறைந்தது 9 கிராம் இருந்தால், 100 மீட்டர் தூரத்தில் அதற்கு 2,700 ஜூல் ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும். எடை 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூல் போதும். இரண்டிலுமே பட்டவுடன் விரியும் குண்டுதான் அனுமதி. ராணுவத்தில் பயன்படுத்தும், முழுக்க உலோக உறை போட்ட குண்டு கூடாது.

அந்த இரண்டாவது வழியைக் கவனியுங்கள். 10.1 கிராம் குண்டு போட்ட 6.5×55 தோட்டாவுக்கு 100 மீட்டரில் சுமார் 2,400 ஜூல் இருக்கும். முதல் விதிப்படி ஃபெயில், இரண்டாவது விதிப்படி தாராளமாகப் பாஸ். கனமான குண்டு வேகம் குறைவாக இருந்தாலும் ஆழமாக இறங்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

குண்டு பட்டால் தூக்கி எறியுமா?

சினிமாவில் எறியும். நிஜத்தில் இல்லை. பிளஸ் டூ இயற்பியல் போதும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

.30-06 குண்டின் எடை 11.7 கிராம், வேகம் வினாடிக்கு 820 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் உந்தம் சுமார் 9.6. அதை 400 கிலோ மூஸால் வகுத்தால் வினாடிக்கு 2.4 சென்டிமீட்டர். அவ்ளோதான். குண்டு மொத்தமும் உள்ளேயே நின்றாலும் அந்த விலங்கு நகரும் வேகம் ஆமை வேகம்கூட இல்லை. குண்டுக்குக் கிடைத்த அதே உந்தம் பின்பக்கமாகச் சுடுபவரின் தோளுக்கும் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், சினிமா லாஜிக் அங்கேயே உடைந்துவிடும்.

அப்படியானால் மூஸ் எப்படிச் சாகிறது? நுரையீரலும் இதயமும் கிழிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு ஆக்சிஜன் நின்று. அதற்குச் சில நொடிகள் ஆகும். நுரையீரலில் சரியாகப் பட்ட மூஸ்கூட ஒன்றுமே நடக்காத மாதிரி ஐம்பது, நூறு மீட்டர் நடந்து போய்த்தான் விழும். புதியவர்கள் 'ஐயோ, தப்பிவிட்டது' என்று பதறும் இடம் இதுதான்.

ஆக, குண்டு செய்ய வேண்டிய வேலை இரண்டு. விலா எலும்பைத் தாண்டி இரண்டு நுரையீரலையும் துளைக்க வேண்டும். போகும் வழியில் விரிந்து அகலமான காயத்தை உண்டாக்க வேண்டும். மறுபக்கம் வெளியே வந்தால் இன்னும் நல்லது, தரையில் ரத்தத் தடம் கிடைக்கும். இதைத் தீர்மானிப்பது தோட்டாப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆற்றல் எண் மட்டுமல்ல. குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதும்தான். ஈயமும் செம்பு உறையும் ஒன்றாக ஒட்டவைக்கப்பட்ட குண்டு எலும்பில் பட்டாலும் சிதறாமல் எடையைத் தக்கவைக்கும். மெல்லிய உறை போட்ட வேகமான குண்டு, கிட்டத்தில் சுடும்போது தோளிலேயே வெடித்துச் சிதறலாம். விலங்குக்கு வேதனை, சமையலுக்கு வர வேண்டிய இறைச்சியும் பாழ்.

6.5 மி.மீ. குண்டு இங்கேதான் ஜெயிக்கிறது. மெல்லியது, ஆனால் நீளமானது. ஊசி மாதிரி இறங்கும். விட்டத்தோடு ஒப்பிடும்போது அதன் எடை, 11.7 கிராம் .30-06 குண்டைவிட அதிகம்.

அப்போ பெரிசு வாங்கினால் என்ன நஷ்டம்?

உதை. .338 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் பின்னுதை ஆற்றல், ஒரே எடையுள்ள ரைஃபிளில் 6.5×55-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாலு முறை சுட்டால் தோள் சிவந்துவிடும். அதைவிட மோசம், மூளை பழகிவிடுவது. விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், உடம்பு இறுகும், குறி தப்பும். பல வேட்டைக்காரர்கள் இதை வெளியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆண்மைப் பிரச்சினை ஆகிவிடுமாம்!

குறி தப்பினால் குண்டு குடலில் படும். குடலில் பட்ட மூஸ் பல மணி நேரம் உயிரோடு அலையும். அது நடந்துவிட்டால் தோட்டா .338 ஆக இருந்தாலும், அதைவிடப் பெரிய .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டாக இருந்தாலும் ஒரு புண்ணியமும் இல்லை.

அலாஸ்காவில் பெரிய தோட்டாக்களுக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே மூஸ் பெரிது, திறந்த வெளியில் தூரமும் கூடலாம், இறைச்சியைத் தேடிப் பழுப்புக் கரடி வரலாம். ஆனாலும் அந்த மாநில மீன் மற்றும் வேட்டைத் துறையே, சுடப் பயப்படும் புத்தம் புது மேக்னத்தைவிட நன்றாகச் சுடத் தெரிந்த .270 அல்லது .30-06 மேல் என்ற தொனியில்தான் வெளியூர் வேட்டைக்காரர்களுக்கு அறிவுரை சொல்கிறது.

சுவீடனில் அந்த நியாயமும் பெரும்பாலும் கிடையாது. நாய் மூஸைக் கண்டுபிடித்துக் குரைத்து நிறுத்தும், அல்லது காத்திருப்பவர் பக்கம் ஓட்டிவரும். அடர்ந்த காட்டில் 100 மீட்டருக்குள்தான் பெரும்பாலும் சுட வேண்டியிருக்கும். இந்தத் தூரத்துக்கு 6.5×55, .308 வின்செஸ்டர், .30-06 மூன்றுமே போதும். என்னைக் கேட்டால், முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு .308 தான் வசதி. உதை தாங்கக்கூடியது, தோட்டா எந்த ஊரிலும் கிடைக்கும், வகைகளும் அதிகம். ஒல்லியான உடல்வாகு என்றால் 6.5×55. 9.3×62 இரண்டாவது ரைஃபிளாக வரட்டும்.

ரைஃபிள் பிராண்டு?

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். பின்லாந்தின் டிக்கா மாதிரி கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் நடுத்தர விலை ரைஃபிள் போதும். பழைய ஹஸ்க்வர்னா ரைஃபிள்களும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஆமாம், நம்மூர் ஷோரூமில் பைக்காகப் பார்க்கிற அதே பெயர்தான். 1689-ல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத்தான் அது தொடங்கியது.

பிராண்டைவிட முக்கியம், கட்டை உடம்புக்குப் பொருந்துவது. தோளில் வைத்தவுடன் கண் தானாகக் குறிநோக்கியின் நேர்கோட்டுக்கு வர வேண்டும். ரொம்ப லேசான ரைஃபிள் காட்டில் சுமக்கச் சுகம், ஆனால் உதை கூடும். ஓடும் மூஸைச் சுட வேண்டியிருந்தால் உருப்பெருக்கம் குறைந்த ஸ்கோப்போ சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியோ வேண்டும். 12 மடங்கு பெரிதாக்கினால் திரை முழுக்கப் பழுப்பு ரோமம்தான் தெரியும்.

1985-லிருந்து சுவீடனில் வேட்டைத் தேர்வு பாஸ் செய்யாமல் ரைஃபிள் உரிமம் கிடைக்காது. பயிற்சி மைதானங்களில் தண்டவாளத்தில் ஓடும் மூஸ் படம் ஒன்று இருக்கும், 80 மீட்டர் தூரத்தில். கடையில் தோட்டா வகைகளைப் பற்றி விவாதிக்கும் நேரத்தை இங்கே செலவழித்தவர்களே காட்டில் நிதானமாக இருக்கிறார்கள்.

எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் தப்பு நடக்கும் என்று சட்டத்துக்கும் தெரியும். அதனால் இன்னொரு விதி: காயம்பட்ட விலங்கைத் தடம் பிடிக்கப் பயிற்சி பெற்ற நாய், சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்து சேரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும்.

கடைசியாக, ஈயமா செம்பா?

இன்று சூடான விவாதம் இதுதான். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியில் சிதறும். காயத்தைச் சுற்றியுள்ள பகுதியை வெட்டி எறியச் சொல்கிறது சுவீடனின் உணவு முகமை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து சதுப்பு நிலங்களில் ஈயச் சில்லுத் தோட்டாவைத் தடை செய்துவிட்டது. அது பறவை வேட்டைக்கான ஷாட்கன் சமாச்சாரம், ரைஃபிள் குண்டு அதில் வராது. ஆனாலும் பலர் இப்போதே முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவருகிறார்கள்.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்குக் குண்டு நீளமாகும், பழைய ரைஃபிளின் குழல் அதைச் சீராகச் சுழற்றாமல் போகலாம். தாத்தாவின் 6.5×55 பேரனுக்கு வந்திருக்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை வேறு இருக்கிறது என்றால், முதலில் இரண்டு மூன்று பிராண்டு செம்புத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது அந்தக் குழலுக்கு ஒத்துவருகிறது என்று தாளில் சுட்டுப் பார்த்துவிட வேண்டும். சீசனுக்குச் சில வாரங்கள் முன்பே.