விதைக்கும் சொந்த ஊர் உண்டு

ஆடி பிறந்துவிட்டால் மதுரை விதைக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். பொட்டலத்தின் மேல் பளபளவென்று கத்தரிக்காய் படம் இருக்கும். அந்தப் படத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பொட்டலத்தைத் திருப்பி, ரகத்தின் பெயரைப் படியுங்கள்.

'பி.கே.எம். 1' என்று இருக்கிறதா? பி.கே.எம். என்றால் பெரியகுளம். அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம் அது. 'எம்.டி.யு. 1' என்றால் நம் மதுரை. ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி தந்தது.

இந்த ரகங்களின் கதை சுவையானது. புழுதிக்கத்தரி என்றொரு நாட்டுக் கத்தரி உண்டு. தண்ணீர் அதிகம் கேட்காது; மானாவாரி நிலத்திலேயே காய்க்கும். கதிர்வீச்சோ சில வகை ரசாயனங்களோ பட்டால் விதையின் மரபணுவில் சிறு மாற்றங்கள் நேரும். அப்படி மாற்றிய விதைகளை விதைத்து, வளர்ந்த செடிகளில் நல்லதை மட்டும் தேடிப் பிடிப்பார்கள் விஞ்ஞானிகள். புழுதிக்கத்தரியிலிருந்து அப்படிக் கிடைத்ததுதான் பி.கே.எம். 1 கத்தரி. தேனிப் பக்கத்து 'அன்னஞ்சி' தக்காளியிலிருந்து பி.கே.எம். 1 தக்காளி வந்தது. எம்.டி.யு. 1 பாகல், காமா கதிர் பட்ட நாட்டு விதையின் வாரிசு. நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய குடும்பங்கள் இவை. அதனால்தான் வீட்டுத் தோட்டத்துக்கு முதலில் இவற்றைத் தேடச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் 'வீரிய ஒட்டு' என்று இருந்தால்? இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய விதை அது. நன்றாகவே காய்க்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்து விதைத்தால், அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இருக்காது. தாத்தா பாட்டியின் குணங்கள் பல விதமாகப் பிரிந்து வெளிப்படும். பட்டாணிச் செடிகளை வளர்த்து இந்த விதியைக் கண்டுபிடித்தவர் கிரிகோர் மெண்டல். 1866-இல் அவருடைய கட்டுரை அச்சானது.

அடுத்து, விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம். பத்து விதைகளை ஈரத்துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயக் கூடாது. தண்ணீர் உள்ளே போனதும் விதை உப்பும். நொதிகள் வேலையைத் தொடங்கி, சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதைத் தின்று முதலில் வெளியே வருவது வேர்தான். வெண்டை நாலைந்து நாளில் முளைக்கும். கத்தரிக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். சான்று பெற்ற தக்காளி, கத்தரி விதைக்குக் குறைந்தது 70 சதவீத முளைப்பு வேண்டும், வெண்டைக்கு 65. உங்கள் துணியில் பத்துக்கு நாலுதான் முளைத்ததா? வேறு விதை வாங்குங்கள். விதை இளஞ்சிவப்பாக இருந்தால் பூஞ்சைக் கொல்லி தடவியிருக்கிறார்கள் என்று பொருள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இனி விதைப்பு. வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை ஆகியவற்றை நேரடியாக ஊன்றலாம். பாகல் விதைக்குத் தோல் தடிமன். முந்தின இரவே ஊறப் போடுங்கள். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதை பொடிசு. மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் தூவுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்றங்காலில் வளர்த்து, ஒரு மாத நாற்றாகப் பிடுங்கி நடுங்கள்.

ஏன் ஆடிப்பட்டம்? மதுரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் ஊன்றிய செடி அதற்குள் நன்றாக வேர்பிடித்துவிடும். ஆடியைத் தவறவிட்டவர்களுக்குத் தைப்பட்டம் இருக்கிறது.

காய்க்கத் தொடங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடி ஒன்றில் அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். அதிலுள்ள நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். வீரிய ஒட்டு வேண்டாம்; ரகமாக இருக்கட்டும். தக்காளியும் கத்தரியும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை; தொடங்க நல்லவை. விதையை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆடிக்கு உங்கள் வீட்டிலேயே விதை இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள்.