நெருப்புக்காய்ச்சலும் உங்கள் கிணறும்

ஊர் திரும்பியதும் முதலில் தேவைப்படுவது குடிதண்ணீர். ஆனால் ஆண்டுக்கணக்கில் இறைக்காமல் கிடந்த கிணற்றின் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதை அப்படியே குடிக்கக் கூடாது.

தைபொயிட் எனப்படும் நெருப்புக்காய்ச்சலை உண்டாக்குவது சல்மனெல்லா தைபி என்னும் பற்றீரியா. நோயாளியின் மலத்துடன் வெளியேறும் இக்கிருமி நீர், உணவு, கழுவாத கைகள் மூலம் மற்றவரின் வாயை அடைகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் உள்ளதால், மலசலகூடக் குழியின் கழிவு அதன் வெடிப்புகளூடாகக் கிணற்றைச் சென்றடையலாம். குணமடைந்த சிலரின் பித்தப்பையிலும் கிருமி தங்கியிருந்து, அவர்கள் அறியாமலே பிறருக்குத் தொற்றும்.

பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் நோய் வெளிப்படும். காய்ச்சல் நாளுக்கு நாள் கூடும். தலையிடி, வயிற்றுநோ, பசியின்மை, மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம் ஏற்படும். சிகிச்சை பெறாவிட்டால் மூன்றாம் வாரமளவில் குடலில் துளை விழுந்து உயிராபத்து நேரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுங்கள். உள்ளே வெடிபொருள் போன்ற எதையும் கண்டால் தொடாமல் உடனே அறிவியுங்கள்.

• அதன் பின்பும் கொதித்தாறிய நீரையே பருகுங்கள்.

• புதிய மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் அமையுங்கள்.

• மலம் கழித்த பின்பும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்பும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

• காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் விட்டாலும், தந்த மருந்தை இடையில் நிறுத்தாமல் முழுவதும் எடுங்கள்.